ஒரு சொடுக்குக்குப் பின்னால் பத்து வினவல்கள்: சம்போ-யூஐ கொண்டு பழைய தமிழ் இதழ்களுக்கு முகப்பு அமைத்த அனுபவம்

‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லுக்கு எதிரே இருந்த சிறு பெட்டியில் ஒரு முறை சொடுக்கினேன். திரையில் சுழல்வட்டம் தோன்றி ஏறத்தாழ நாற்பது நொடிகள் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த நூலகர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். முடிவுகள் வந்தபோது ஒரே இதழ் ஆறு வரிகளில் திரும்பத் திரும்ப நின்றது. “தம்பி, இந்த இதழ் எங்களிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். இணைப்புத் தரவுக்கு முகப்பு அமைப்பது பற்றி நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்த நாற்பது நொடிகளுக்கும் அந்த ஆறு வரிகளுக்கும் காரணம் தேடிப்போன வழியில் கிடைத்தது.

பணி இதுதான். ஒரு நூலகம் தன்னிடமுள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டு, இருபதாம் நூற்றாண்டு முற்பகுதித் தமிழ் இதழ்களின் அட்டவணையை இணைப்புத் தரவாக வெளியிட விரும்பியது. ஒவ்வோர் இதழுக்கும், ஆசிரியருக்கும், அச்சகத்துக்கும், ஊருக்கும் நிலையான ஒரு வலை முகவரி, அதாவது யூஆர்ஐ, இருக்க வேண்டும். அவற்றுக்கிடையேயான உறவுகள் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் போல மூன்று உறுப்புகள் கொண்ட ஆர்டிஎஃப் கூற்றுகளாக இருக்க வேண்டும். வெளியிலுள்ள விக்கித்தரவு போன்ற தொகுப்புகளோடு அவை இணைந்திருக்க வேண்டும். டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய நான்கு நெறிகளின் சாரம் இவ்வளவுதான். தரவை அப்படி மாற்றி அப்பாச்சி ஜெனா ஃபியூசெக்கி என்ற தரவுத்தள சர்வரில் ஏற்றும் வேலை எங்களுக்குப் பழக்கமானது. ஆனால் ஏற்றிய பிறகு அதைப் பார்ப்பவர் யார்? இத்தகைய தரவிடம் கேள்வி கேட்பதற்கான ஸ்பார்க்கிள் மொழியில் வினவல் எழுதத் தெரிந்த நால்வரைத் தவிர மற்றவர்களுக்கு அது பூட்டிய அலமாரிதான். எனவே ஒரு முகப்பு தேவைப்பட்டது.

எந்தச் சட்டகத்தை, அதாவது பிரேம்வொர்க்கை, எடுத்துக்கொள்வது என்ற கேள்வியில் மூன்று வாரங்கள் செலவிட்டோம். அது வீணான காலம் அல்ல. முதலில் பப்பியைப் பார்த்தோம். ஒரு யூஆர்ஐயைத் திறந்தால் அதைப் பற்றிய கூற்றுகளை ஒரு பக்கமாகக் காட்டும் எளிய கருவி அது; ஆனால் முகவரி தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும், தேடி வருபவருக்கு வழிகாட்டாது. ஒமேக்கா எஸ் காட்சிக்கு அழகானது, நூலகப் பணியாளர்களுக்கு எளிதானது. ஆனால் அது தன் தரவைத் தன்னுடைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலேயே வைத்துக்கொண்டு வெளியே ஜேசன்-எல்டி என்னும் இணைப்புத் தரவு வடிவில் தருகிறது, எங்கள் தரவோ ஏற்கெனவே ஸ்பார்க்கிள் சர்வரில் இருந்தது. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்ச்சஸ், மரபுச் சின்னங்களைப் பதிவுசெய்து பேணும் முழுமையான அமைப்பு. எங்கள் தேவைக்கு அது பெரிய மாளிகை. பின்லாந்து தேசிய நூலகத்தின் ஸ்காஸ்மாஸ், சொற்களஞ்சியங்களை உலாவுவதற்கு மிகச் சிறந்தது. ஆனால் அதன் வேலை அதோடு முடிகிறது. எல்லாவற்றையும் உலாவி முகப்புகளை எழுத உதவும் ரியாக்ட்டில் நாமே எழுதிவிடலாம் என்று குழுவில் இளைஞர் ஒருவர் வாதிட்டார். அவரது ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது. என்றாலும், ஊர், ஆசிரியர் எனத் தேர்ந்து முடிவுகளைச் சுருக்க உதவும் வடிப்பான்களின் எண்ணிக்கைகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதை முன்பு ஒரு திட்டத்தில் பட்டு அறிந்திருந்ததால், நான் இசையவில்லை.

முடிவில் சம்போ-யூஐயைத் தேர்ந்தோம். பின்லாந்தில் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்திலும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலுமாக ஏரோ ஹூவனன் தலைமையில் இயங்கும் ஆய்வுக்குழு உருவாக்கியது அது. எம்ஐடி உரிமத்தில் யாவருக்கும் திறந்திருக்கிறது. சம்போ என்பது பின்லாந்துப் பழங்கதைகளில் மாவும் உப்பும் பொன்னும் ஓயாமல் அரைத்துத் தரும் மாய எந்திரக்கல். அந்தப் பெயரைத் தாங்கிய போர்ட்டல்கள் பல உண்டு: இரண்டாம் உலகப்போரில் பின்லாந்து பற்றிய தரவுகளைக் கோத்துத் தரும் போர்ச் சம்போ 2015இல் வந்தது, வாழ்க்கை வரலாறுகளுக்கு ஒன்று 2018இல் வந்தது, இடப்பெயர்களுக்கும் நாடாளுமன்ற உரைகளுக்கும் தனித்தனிச் சம்போக்கள் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ், பென்சில்வேனியா ஆகிய மூன்று இடங்களின் தரவை ஒன்றுசேர்த்து, 2,00,000க்கும் மேற்பட்ட ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகள் கைமாறிய வரலாற்றைக் காட்டும் போர்ட்டலும் இந்தச் சட்டகத்தின் மீது கட்டப்பட்டதுதான். அதைத் திறந்து, ஒரு பிரதி எழுதப்பட்ட ஊரிலிருந்து கடைசியாக இருந்த ஊர் வரை வரைபடத்தில் வளைகோடுகள் ஓடுவதைப் பார்த்த அன்று, எங்கள் இதழ்களும் ஒரு நாள் இப்படிச் சென்னையிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கோடு வரையும் என்ற ஆசை எனக்குள் வேரூன்றிவிட்டது.

சட்டகத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலாவியில் ஓடும் பகுதி ரியாக்ட்டிலும் ரீடக்ஸிலும் எழுதப்பட்டது; இடையில் நோட் ஜேஎஸ்ஸில் ஓடும் ஒரு சிறு சர்வர்; அதற்குப் பின்னால் உங்களுடைய ஸ்பார்க்கிள் தரவுத்தளம். ‘இதழ்கள்’, ‘ஆசிரியர்கள்’, ‘அச்சகங்கள்’ என்று ஒவ்வொரு தேடல் பார்வைக்கும் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். எந்தெந்த வடிப்பான்கள், ஒவ்வொன்றும் எந்த உறவைப் பின்பற்றுகிறது, அது எளிய பட்டியலா, படிநிலைப் பட்டியலா, காலவரம்பா, சொல்தேடலா என்பவற்றை அதில் எழுதுகிறோம். முடிவுகளை அட்டவணையாகவோ வரைபடமாகவோ விளக்கப்படமாகவோ காட்டுவதற்கான வினவல்களைத் தனிக் கோப்பில் எழுதுகிறோம். அவற்றுள் ஓரிடத்தில் வடிகட்டும் நிபந்தனைகளுக்கென்று ஓர் இடக்குறி இருக்கும். பயனர் எதைத் தேர்ந்தாலும் சட்டகம் அதை ஸ்பார்க்கிளாக மாற்றி அந்த இடக்குறியில் பொருத்தி அனுப்புகிறது. முதலில் வடிகட்டு, பிறகு மிஞ்சியதை ஆராய் என்ற இரண்டு அடிகள்தாம் இந்தப் போர்ட்டல்களின் உயிர்நாடி.

இனி அந்த நாற்பது நொடிகளுக்கு வருகிறேன். வடிப்பான் ஒன்றில் ‘யாழ்ப்பாணம் (37)’ என்று நிற்கிறதென்றால், அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் மற்ற வடிப்பான்களின் நிலையைப் பொறுத்தது. ஊர் வடிப்பானில் ஒன்றைத் தேர்ந்தவுடன் ஆசிரியர், அச்சகம், பொருள், ஆண்டு, கால இடைவெளி ஆகிய மற்ற எல்லா வடிப்பான்களின் எண்களும் மாற வேண்டும். எட்டு வடிப்பான்கள் திறந்திருந்தால் எட்டு எண்ணிக்கை வினவல்கள், முடிவுகளின் முதல் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் எத்தனை என்பதற்கு ஒன்று என, ஒரு சொடுக்குக்குப் பின்னால் பத்து வினவல்கள் ஓடுகின்றன. நான் பெருமையோடு எட்டையும் திறந்தே வைத்திருந்தேன். ஊரையும் காலத்தையும் மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடியபோது, மூடியிருப்பவை வினவல் அனுப்பாததால், சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. எது திறந்திருக்க வேண்டும் என்பதை அழகு கருதித் தீர்மானிக்கக் கூடாது. வருபவர் முதலில் எதைக் கேட்பார் என்பதை நூலகரிடம் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் நூலகர் தயங்காமல் சொன்னார்: “எந்த ஊர், எந்தக் காலம், இந்த இரண்டைத்தான் முதலில் கேட்பார்கள்.”

ஆனாலும் மீதிப் பாதி இருந்தது. ஒரே இதழ் ஆறு வரிகளில் நின்றதற்கும் அந்தத் தாமதத்துக்கும் மூலம் ஒன்றே என்பது பிறகுதான் புரிந்தது. நான் எழுதிய வினவலில் ஆசிரியர், பொருள், ஊர் எல்லாவற்றையும் ‘இருந்தால் எடு’ என்று பொருள்படும் ஆப்ஷனல் தொடர்களாக அடுக்கியிருந்தேன். மூன்று ஆசிரியர்களும் இரண்டு பொருள் தலைப்புகளும் உள்ள இதழுக்கு ஸ்பார்க்கிள் மூன்றையும் இரண்டையும் பெருக்கி ஆறு வரிகளைத் தருகிறது. இன்னொரு பண்பில் நான்கு மதிப்புகள் இருந்தால் அது இருபத்துநான்கு ஆகிவிடும். ஒரு பதிவை வைத்துச் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. சம்போ-யூஐயோடு வரும் எடுத்துக்காட்டு வினவல்களை அப்போதுதான் பொறுமையாகப் படித்தேன். அங்கே இரண்டு நுட்பங்கள் இருந்தன. முதலாவது, பக்கத்துக்குரிய இருபது இதழ்களின் யூஆர்ஐகளை மட்டும் ஓர் உள்வினவலில் வடிகட்டி, வரிசைப்படுத்தி, எண்ணிக்கை வரம்பிட்டு எடுத்துக்கொள்வது. அதன்பின் அந்த இருபதுக்கு மட்டுமே மற்ற விவரங்களைத் தேடுவது. இரண்டாவது, அந்த விவரங்களை ஆப்ஷனலாக அடுக்காமல், ஒவ்வொரு பண்பையும் தனித்தனித் தொகுதியாக யூனியன் கொண்டு இணைப்பது. அப்போது மூன்றும் இரண்டும் பெருகாமல் கூடி ஐந்து வரிகளாகின்றன, இடைச் சர்வர் அவற்றை யூஆர்ஐயின்படி சேர்த்து ஒரே இதழாக்கிவிடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே சொடுக்கு ஒன்றிரண்டு நொடிகளில் முடிந்தது. வன்பொருளில் ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை.

ஆகவே, இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளும் எவரும் முதல் வாரத்தில் ரியாக்ட் கற்பதை ஒத்திவைத்துவிட்டு, வினவல்களை யாஸ்குயி போன்ற ஒரு திருத்தியில் தனியாக ஓட்டிப் பழக வேண்டும் என்பேன். நாங்கள் பின்னாளில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: தொகுப்பிலேயே மிக அதிக மதிப்புகள் கொண்ட பத்துப் பதிவுகளைத் தேர்ந்து வைத்து, எந்த வினவலையும் அவற்றின் மீது ஓட்டிப் பார்க்காமல் முகப்பில் ஏற்றுவதில்லை.

ஆண்டு வடிப்பான் எங்களை வேறு விதமாகச் சோதித்தது. 1900 முதல் 1910 வரை என்று வரம்பிட்டால் வரவேண்டிய இதழ்களில் பல வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. காரணம், சில பதிவுகளில் ஆண்டு மட்டும் இருந்தது, சிலவற்றில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருந்தன. இரண்டும் ஆர்டிஎஃப்பில் வெவ்வேறு தரவு வகைகள். வகை பொருந்தாத இரண்டை ஒப்பிடச் சொன்னால் ஸ்பார்க்கிள் அந்த ஒப்பீட்டைப் பிழையெனக் கொண்டு, வரியை ஓசையின்றி நீக்கிவிடும். எண்ணிக்கையை அட்டவணையின் கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டிராவிட்டால் அந்தக் குறையோடேயே தளத்தைத் திறந்திருப்போம். தீர்வு, ஒவ்வோர் இதழின் காலத்தையும் ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் கொண்ட கால இடைவெளியாக மாற்றுவதுதான். 1905 என்று மட்டும் இருந்தால் 1905 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அருங்காட்சியகத் தரவுகளுக்கான சிடாக் சிஆர்எம் மாதிரி இதைத்தான் செய்கிறது; சம்போ-யூஐயின் காலவரம்பு வடிப்பானும் அந்த வடிவத்தையே எதிர்பார்க்கிறது.

தமிழ் இதழ்களில் இன்னொரு முடிச்சு உண்டு. பழைய முகப்பட்டைகளில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘பிரபவ ௵ ஆவணி ௴’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ என்பது 1867–68 ஆகவும் இருக்கலாம், 1927–28 ஆகவும் இருக்கலாம். இதை எந்த நிரலும் தானாகத் தீர்த்துவிடாது. அந்த இதழின் ஆசிரியர் வாழ்ந்த காலம், அச்சகம் இயங்கிய காலம் ஆகியவற்றைக் கொண்டு நூலகர்தான் தீர்க்க வேண்டும். தீர்த்த பின்னும், தமிழாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிவதால், அதை ஒற்றை ஆங்கில ஆண்டாக எழுதுவது தவறு. இடைவெளியாக எழுதினால்தான் சரி. எங்கள் தரவு மாதிரியில் கால இடைவெளியை வைத்ததற்குக் கிடைத்த பெரும்பயன் இது. அட்டையில் அச்சிட்டிருந்த தமிழாண்டையும் அப்படியே தனிப் பண்பாகச் சேமித்தோம். ஏனெனில் நாங்கள் கணித்தது நாளை மாறக்கூடும், அச்சில் இருப்பது மாறாது.

இங்கே நூலகர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். “ஆண்டு தெரியாத இதழ்களை மட்டும் தனியாகக் காட்டுமா, தம்பி?” அப்படிக் கேட்பார் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தெரிந்ததைக் காட்டுவதுதான் முகப்பின் வேலை என்று நினைத்திருந்தேன். சம்போ-யூஐயின் பட்டியல் வடிப்பான்களில் மதிப்பு இல்லாதவற்றுக்கென்றே ‘தெரியாதது’ என்ற ஒரு தேர்வு உண்டு. நான் அதைத் தேவையற்றது என்று மறைத்து வைத்திருந்தேன். அதை மீண்டும் திறந்துவிட்டோம். ஊர் தெரியாதவை, ஆசிரியர் தெரியாதவை ஆகியவற்றுக்கு அது உடனே பயன்பட்டது. காலத்துக்கு, ‘காலக் குறிப்பின் நிலை’ என்ற புதிய பண்பைச் சேர்த்து, அட்டையில் உள்ளது, கணித்தது, தெரியாதது என மூன்று மதிப்புகள் கொடுத்தோம். நூலகத்தார் அன்றுமுதல் தளத்தை வாசகருக்கான காட்சியாக மட்டும் பார்க்கவில்லை. தங்கள் அட்டவணையில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடும் கருவியாகவும் கையாண்டார்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய மாதங்களில் தளத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தாம்.

தமிழ் எழுத்து தொடர்பான சிக்கல்களைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எந்தச் சட்டகத்தின் ஆவணத்திலும் இவை இருக்காது. ஊர் வடிப்பானில் ‘கொழும்பு’ இரண்டு முறை வந்தது, இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணிக்கை. கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. யூனிக்கோடில் கொகரத்தின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இருவேறு தட்டச்சு முறைகளில் உள்ளிடப்பட்ட பட்டியல்களிலிருந்து ஊர்ப்பெயரை வைத்து நாங்கள் யூஆர்ஐ உருவாக்கியதால், ஒரே கொழும்பு இரண்டு ஊர்களாகிவிட்டது. தரவை ஏற்றும்போது எல்லாச் சரங்களையும் என்எஃப்சி என்னும் சீர்வடிவத்துக்கு மாற்றினோம்; பயனர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வதையும் அதே வடிவத்துக்கு மாற்றிய பின்பே வினவலில் சேர்த்தோம். இரண்டாவதை மறந்தால் முதலாவது பயன்படாது. ஆனால் ‘பௌத்தம்’ என்பதை ‘பெளத்தம்’ என்று ளகரம் இட்டுத் தட்டச்சு செய்திருந்தால் சீர்வடிவம் உதவாது, ஏனெனில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அதைக் கண்மூடித்தனமாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதி ஓட்டியதில் ‘கெளுத்தி’ மீனும் சேர்ந்து சிதைந்தது. அதன்பின் அத்தகைய சொற்களைப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே திருத்தினோம்.

அகர வரிசை அடுத்தது. ஸ்பார்க்கிளில் வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலும் யூனிக்கோடு எண்வரிசைப்படியே அடுக்கும். அந்த வரிசையில் நகரத்தை அடுத்து உடனே னகரம் வரும், ரகரத்தை அடுத்து றகரம் வரும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னே நிற்கும். தமிழ் அகராதி பார்த்துப் பழகியவருக்கு இது கலைந்த அடுக்கு. வடிப்பானில் உள்ள பட்டியல் முழுவதும் உலாவிக்கு வந்துவிடுவதால், அங்கே உலாவியின் தமிழ் வரிசைப்படுத்தும் வசதியைக் கொண்டு சரிசெய்ய முடிந்தது. முடிவு அட்டவணையில் அது முடியாது; ஏனென்றால் உலாவிக்கு வருவது ஒரு பக்கம் மட்டுமே, வரிசையைச் சர்வரே தீர்மானித்திருக்கும். எனவே தரவை ஏற்றும் கட்டத்திலேயே எல்லா இதழ்ப் பெயர்களையும் தமிழ் அகர வரிசையில் ஒரு முறை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண்ணைக் கூற்றாகச் சேர்த்துவிட்டோம். வினவல் அந்த எண்ணின்படி அடுக்குகிறது. புதிய இதழ்கள் சேரும்போது எண்களை மீண்டும் கணிக்க வேண்டும், அது ஒரு நிமிட வேலை. ஜெனாவிலேயே மொழிவாரி வரிசைப்படுத்தும் செயற்கூறு உண்டு என்றாலும், நாளை வேறு தரவுத்தளத்துக்கு மாறினால் வினவல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால் அதைத் தவிர்த்தோம்.

மொழிக்குறி பற்றி ஒரு சொல். தமிழ் லேபிள் உள்ளவற்றை மட்டும் எடு என்று வினவலில் எழுதினால், தமிழ்ப் பெயர் இன்னும் சேர்க்கப்படாத அச்சகங்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். தமிழ் இருந்தால் தமிழ், இல்லையேல் ஆங்கிலம், அதுவும் இல்லையேல் யூஆர்ஐயின் கடைசிப் பகுதி என்று மூன்று படிகள் வைத்தோம். ஒவ்வொரு வினவலிலும் இந்த மூன்று படிகளைத் திரும்ப எழுதினால் வேகம் குறைந்தது. ஆகவே காட்டவேண்டிய பெயரைத் தரவு ஏற்றும்போதே தீர்மானித்து, தனிப் பண்பாக எழுதிவிட்டோம். முகப்பின் வேகத்துக்காகத் தரவில் சில கூற்றுகளைக் கூடுதலாக எழுதுவது தூய்மைக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படி நினைத்தேன். இப்போது அத்தகைய கூற்றுகளைத் தனிப் பெயரிட்ட வரைவில், அதாவது நேம்டு கிராஃபில், பிரித்து வைக்கிறேன். மூலத்தரவு மூலத்தரவாகவே இருக்கிறது, வேண்டும்போது அந்த வரைவை அழித்து மீண்டும் உருவாக்கலாம்.

ஊர்களின் படிநிலை பற்றி இன்றும் எனக்கு முழு நிறைவு இல்லை. படிநிலை வடிப்பானில் ஊர், மாவட்டம், மாநிலம் என்று மேலேறும்படி அமைத்தோம். மாயவரத்தில் வெளிவந்த ஓர் இதழை எங்கே வைப்பது? இன்றைய நிலவரப்படி அது மயிலாடுதுறை மாவட்டம், 2020இல் உருவானது. அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம். 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம். இதழ் வெளிவந்த காலத்தை ஆராய்பவர் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் தேடுவார், இன்றைய கல்லூரி மாணவர் மயிலாடுதுறையில் தேடுவார். ஓர் ஊருக்கு இரண்டு மேல்நிலைகளைக் கொடுத்துப் பார்த்தோம். இதழ் இரண்டு கிளைகளிலும் எண்ணப்பட்டதால் கூட்டுத்தொகை பொருந்தாமல் பயனர்கள் குழம்பினார்கள். இப்போது இன்றைய மாவட்டங்களின் படிநிலை ஒன்று, ‘வெளியான காலத்து ஆட்சிப்பகுதி’ என்று எளிய பட்டியலாக இன்னொன்று, என இரண்டு வடிப்பான்களாகப் பிரித்திருக்கிறோம். இரண்டாவதை நிரப்பும் வேலை மெல்ல நடக்கிறது. 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகையையும், 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய சிங்கைநேசனையும், சென்னையில் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனையும் ஒரே வரைபடத்தில் வைக்கும் தளத்துக்கு, ஆட்சிப்பகுதி என்பதை இலேசாகக் கடந்துபோக முடியாது. ‘சென்னப்பட்டணம்’, ‘சென்னபட்டினம்’, ‘மதராஸ்’ போன்ற மாற்றுப் பெயர்களை சொற்களஞ்சியங்களுக்கான ஸ்காஸ் முறையின் மாற்று லேபிள்களாகச் சேர்த்தது எளிதாக முடிந்தது. ஆட்களின் பெயர்களுக்கும் அதே வழிதான், ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’, முதலெழுத்துகளுக்கிடையே புள்ளியும் இடைவெளியும் மாறிவரும் வடிவங்கள் எல்லாம் ஒரே யூஆர்ஐயின் கீழ் வந்தன.

கைப்பேசியில் இடப்பக்க வடிப்பான்களும் பத்து நெடுவரிசை அட்டவணையும் ஒத்துவரவில்லை. நெடுவரிசைகளை நான்காகக் குறைத்தோம். இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்.

ஸ்பார்க்கிள் சர்வரை நேரடியாகப் பொதுவெளியில் திறந்து வைப்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. இணைப்புத் தரவின் அறம் திறந்திருப்பது. என் விருப்பமும் அதுவே. ஆனால் முகப்பும் வெளியார் வினவல்களும் ஒரே சர்வரைப் பகிர்ந்தபோது, யாரோ ஒருவர் அனுப்பிய வரம்பற்ற வினவல் முகப்பு முழுவதையும் முடக்கியது. இப்போது முகப்புக்கு ஒரு படியும் வெளியாருக்கு ஒரு படியுமாக இரண்டு ஃபியூசெக்கிகள் ஓடுகின்றன. வெளியாருக்கானதில் ஒவ்வொரு வினவலுக்கும் கால வரம்பு உண்டு. விக்கித்தரவின் வினவல் சேவையே 60 நொடிகளில் நிறுத்திவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டியபோது எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். தளத்தைத் திறந்தவுடன், எதுவும் தேர்ந்தெடுக்கும் முன், வரும் முதல் எண்ணிக்கைகள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை இடைச் சர்வரில் சேமித்து வைத்தது எளிய மாற்றம், ஆனால் முதல் பக்கம் உடனே திறக்கிறது.

எந்தச் சட்டகமும் நிலைக்காது என்பதற்குச் சம்போவின் சொந்த வரலாறே சான்று. போர்ச் சம்போ உள்ளிட்ட முந்தைய போர்ட்டல்கள், அதே குழுவின் ஸ்பார்க்கிள் ஃபேசட்டர் என்ற கருவியைக் கொண்டு, ரியாக்ட் போன்ற ஆங்குலர் ஜேஎஸ்ஸில் கட்டப்பட்டவை. ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. ரியாக்ட்டுக்கும் ஒரு நாள் அந்த நிலை வரலாம். ஆனால் ஸ்பார்க்கிள் 1.1 என்பது 2013இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வந்து, இன்றுவரை அப்படியே ஓடுகிறது. எனவே உழைப்பை எங்கே சேமிப்பது என்ற கேள்விக்கு எங்கள் குழுவில் இப்போது ஒருமித்த விடை உண்டு: வினவல்களில். நாங்கள் நூலகத்திடம் ஒப்படைத்தபோது, நிரல் களஞ்சியத்தோடு, முகப்பில் ஓடும் ஒவ்வொரு வினவலையும் தனித்தனிக் கோப்பாக்கி, அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைத் தலைப்பில் தமிழிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். சென்ற மாதம் அந்த நூலகத்தில் பணிக்குச் சேர்ந்த ஒரு பெண், ரியாக்ட் ஒரு வரியும் அறியாதவர், அந்தக் கோப்புகளில் ஒன்றைப் பார்த்து எழுதி, ஜேசன் கோப்பில் சில வரிகள் சேர்த்து, ‘சந்தா விலை’ என்ற புதிய வடிப்பானை அமைத்திருக்கிறார். ரூபாய், அணா, பைசா என்று கிடக்கும் விலைகளை எப்படி அடுக்குவது என்று கேட்டு நேற்று எனக்கு எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ‘பை’ என்னும் மிகச் சிறிய பழைய நாணய அலகில் கணக்கிட்டு, ரூபாய்க்கு 192 பை என்று வைத்து, ஒரே எண்ணாகச் சேமிக்கச் சொல்லியிருக்கிறேன்.